மணியை அடிக்காமல் நின்றவருக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்,

2025 ஜூன் 14ஆம் தேதி விடிந்தபோது மினசோட்டாவில் எங்கள் புரூக்ளின் பார்க்கில் என்ன நடந்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இதே தெருக்களில்தான் இருந்தீர்கள், இல்லையென்றால் தூரத்திலிருந்து எங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். போலீஸ் வேஷத்தில் வந்த ஒருவன் எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் மெலிஸா ஹார்ட்மனையும் அவர் கணவரையும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றிருந்தான். ஒற்றைப் போலீஸ்காரர் வந்து தட்டினால் கதவைத் திறக்காதீர்கள் என்று போலீஸே சொன்ன காலை அது. ஞாயிறு இரவு அவனைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகும் எங்கள் வீட்டுக்குள் அந்தக் காலை முடியவில்லை. வாசல் மணி அடித்தால் ஏழு வயது மகன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அத்தையின் மாத்திரைகளை வாங்கிவந்து கொடுத்தவர், மகளை இரண்டு இரவு தன் வீட்டில் வைத்துக்கொண்ட தோழி, சாம்பார் சாதம் கட்டி அனுப்பியவர்கள், ஊரிலிருந்து மணிக்கொரு முறை கூப்பிட்ட அண்ணன், தூங்காமல் தெருவைச் சுற்றிய காவலர்கள் எல்லாருக்கும் நன்றி. அதே இரவு சாம்ப்ளினில் தன் அப்பாவும் அம்மாவும் அவனால் குண்டடிபட்டுக் கிடக்க, அந்த நிலையிலும் அவசர எண் 911ஐக் கூப்பிட்ட, மாநில செனட்டர் ஹாஃப்மன் வீட்டு மகளுக்கும் நன்றி. அந்த அழைப்பு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வீடுகளோ.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே எதிர்வீட்டுப் பெரியவருக்காகத்தான். ஐந்து வருடமாக எதிரெதிரே இருந்தும் கையசைப்பதோடு சரி, அதற்கு மேல் பழக்கமில்லை. அந்த வாரம் புல்வெட்டும்போது என் கணவர் மகனைப் பற்றி அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். செவ்வாய் மாலை என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "உங்கள் தபால் பெட்டி பக்கத்தில் நிற்கிறேன். மணியை அடிக்கமாட்டேன். ஜன்னல் வழியாகப் பாருங்கள், நான்தான்."

பார்த்தேன். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒரு கண்ணாடித் தட்டோடு நின்றார். ஜூன் மாதம் இங்கே எல்லார் தோட்டத்திலும் மண்டிக் கிடக்குமே ரூபார்ப் தண்டு, அதைப் போட்டுச் சுட்ட பலகாரம். மகன் மேசைக்கு அடியிலிருந்து வந்து திரைச்சீலையை விலக்கிப் பார்த்து, இவன் கையசைக்கும்வரை அவர் அசையவே இல்லை. பத்து நிமிடம் இருக்கும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர், வெயிலில்.

வியாழக்கிழமையும் அப்படியே வந்தார். அப்புறம் இன்னும் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் செய்தி, பிறகு அதே இடம், கையில் தொப்பி. ஐந்தாவது தடவை மகனே ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ஒரு குழந்தைக்கு எந்தச் சத்தம் பயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தச் சத்தத்தைத் தவிர்த்தார், அவ்வளவுதான். அவ்வளவை வேறு யாரும், நான் உட்பட, யோசிக்கவில்லை.

மெலிஸா ஹார்ட்மனை நான் நேரில் பார்த்ததில்லை. ஜூன் 27 அன்று செயின்ட் பால் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தில் அவர் உடலை அஞ்சலிக்கு வைத்தபோது, அத்தையையும் என்னையும் தன் காரில் அழைத்துப்போனவரும் இந்தப் பெரியவர்தான். வழியெல்லாம் மெலிஸாவைப் பற்றியே பேசிவந்தார். சட்டமன்றத் தேர்தலில் 1998இல் தோற்று, 2002இல் மறுபடி தோற்று, 2004இல்தான் ஜெயித்தவர். இந்த ஊர்த் தேர்தல் என்பது கோடை முழுக்க வீடு வீடாக நடந்து கதவைத் தட்டுவது. இரண்டு முறை தோற்ற பிறகும் மூன்றாம் முறை தட்டப் போக எவ்வளவு மனம் வேண்டும் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

2017இல் அவையில் பெண் உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருக்க, ஓய்வறையில் சீட்டாடிக்கொண்டிருந்த வெள்ளைக்கார ஆண்களை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி, மன்னிப்புக் கேட்க மறுத்தது, 2019 முதல் ஆறு வருடம் சபாநாயகராக இருந்தது எல்லாம் பெரியவர் சொல்லித்தான் எனக்கு ஒழுங்காகத் தெரியும். 2023இல் வந்த பள்ளி உணவுச் சட்டம் மட்டும் எனக்கே தெரியும். காலையும் மதியமும் இலவசம், பெற்றோரின் வருமானத்தைக் கேட்பதில்லை. "எல்லாப் பிள்ளைகளுக்குமா?" என்று அத்தை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆமாம் அத்தை, நம் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். சம்பளத்தோடு 12 வாரக் குடும்ப விடுப்பும் அதே வருடச் சட்டம்தான். 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும் அந்தச் சட்டத்தைப் பார்க்க மெலிஸா இல்லை.

இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு மெலிஸா போட்ட வாக்கில் எனக்கு உடன்பாடில்லை, இன்றும் இல்லை. குடியேற்ற ஆவணமில்லாத வயதுவந்தோருக்கான மருத்துவக் காப்பீட்டை நிறுத்தும் மசோதா, 68க்கு 65. அந்த அவையில் அவருடைய கட்சியிலிருந்து அவர் ஒருவர் மட்டுமே ஆதரித்தார். அரசு நிர்வாகம் முடங்கிவிடக் கூடாது என்று செய்த சமரசம் அது. பிறகு செய்தியாளர்கள் முன் அழுதார். அந்த வாரம் அவர்மேல் கோபமாக இருந்தேன். வரிசையில் நின்றபோது அது உறுத்தியது. பெரியவரிடம் சொன்னேன். "கோபப்படலாம், அதற்குத்தான் அவர் இருந்தார்" என்றார்.

உள்ளே இரண்டு பெட்டிகள், மெலிஸாவும் கணவர் மார்க்கும். பக்கத்தில் சின்னக் கலசத்தில் கில்பர்ட். உதவி நாயாகப் பழக்க எடுத்து, அதில் தேறாமல் வீட்டுப் பிள்ளையாகவே தங்கிவிட்ட நாய். மினசோட்டாவில் ஒரு பெண்ணுக்கு இந்த மரியாதை கிடைப்பது இதுதான் முதல் முறை என்று சொன்னதும் அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

மரம் நடுங்கள், பூங்காவுக்குப் போங்கள், ஏதாவது சுடுங்கள், ஒரு நாயைத் தடவிக்கொடுங்கள் என்று அவர்களுடைய பிள்ளைகள் இருவரும் கேட்டிருக்கிறார்கள். பின்வாசலில் ஒரு மேப்பிள் கன்றுக்குக் குழி தோண்டியாகிவிட்டது. 2026 தேர்தலுக்கு, ஏதாவது ஒரு வேட்பாளருடைய துண்டுப் பிரசுரத்தோடு நானும் கதவு தட்டப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. போவேன்.

பெரியவரே, உங்கள் கண்ணாடித் தட்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. நாளை கேசரி கிண்டுகிறேன். மகன் இந்த மடலை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வான். ஒன்றை மட்டும் தன் பேரில் எழுதச் சொன்னான்: இனிமேல் நீங்கள் மணியை அடிக்கலாமாம்.