அம்மணிக்கு, இரண்டாவது விங் வாங்குவதற்கு முன்

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய மூன்று பாராகிளைடிங் விங்குகளின், அதாவது தலைக்கு மேலே விரிகிற துணிச் சிறகுகளின், விவரத்தையும் படித்துப் பார்த்தேன். மூன்றும் நல்ல கம்பெனிதான், நிறமும் அழகு. ஆனால் அதில் இரண்டு சி வகுப்பு. ஏ சாது, டி முரடு என்று போகிற பாதுகாப்பு வரிசையில், பி-க்கு அடுத்த படி. "பி வாங்கி ரெண்டு சீசன்ல மாத்தறதுக்கு நேரா சி-யே வாங்கிடு, காசு மிச்சம்" என்று உன் கூட்டாளிகள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். காசுக் கணக்கு சரிதான். பறக்கிற கணக்கு வேறு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ போகிற பாதையையே எடுத்துக்கொள்ளலாம். இமாச்சலில் பில்லிங்கில் கிளம்பி தௌலாதார் மலைத்தொடரின் முன்மலையை ஒட்டியே தரம்சாலா வரை, நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. லோ-பி, அதாவது பி-யிலேயே சாதுவான விங், 1000 மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு, காற்று அசையாத நேரத்தில், ஏறக்குறைய 9 கிலோமீட்டர் போகும். சி வகுப்பு 10 போகும் என்று வைத்துக்கொள். அந்த ஒரு கிலோமீட்டருக்கு பி-க்கு இன்னும் 110 மீட்டர் உயரம் வேண்டும். வினாடிக்கு 2 மீட்டர் தூக்குகிற தெர்மலில், அதாவது மேலே எழும்புகிற சூடான காற்றில், அது ஒரு நிமிஷத்துக்குள் கிடைத்துவிடும். இப்போது இன்னொரு பக்கம் பார். அதே தெர்மலில் நடுவில் நிற்காமல் ஓரத்தில் தடுமாறி 1.5 மீட்டரில் ஏறினால், 1000 மீட்டர் ஏற எட்டரை நிமிஷத்துக்குப் பதில் பதினொரு நிமிஷம். விங் மாற்றி நீ சம்பாதித்தது ஒரு நிமிஷம், பதற்றத்தில் விட்டது இரண்டரை நிமிஷம். ஒவ்வொரு தெர்மலிலும் இதே கதை.

வேகத்திலும் அப்படித்தான். பிரேக்கிலிருந்து கையை விட்டால் இரண்டுமே மணிக்கு 38, 39 கிலோமீட்டரில்தான் போகும். வித்தியாசம் ஸ்பீட் பாரை, காலால் மிதித்து வேகம் கூட்டுகிற அந்தக் கம்பியை, மிதித்தால்தான் தெரியும். ஆட்டம் போடுகிற விங்கில் பாரை மிதிக்க மனசு வராது. சாதுவான பி-யில் பாதி பார் மிதித்துக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டுகிறவள், சி-யில் பயந்து பாரை மிதிக்காமல் டிரிம்மிலேயே போகிறவளைவிடச் சீக்கிரம் அடுத்த முகட்டுக்குப் போய்ச் சேருவாள். பி வகுப்பு விங்குகளில் 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்தவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். தடுப்பது விங் இல்லை. 2015-இல் உங்கள் பில்லிங்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்கு வந்தவர்களின் விங்குகளைப் பார்த்து யாராவது ஆசை காட்டினால், அது வேறு ஜாதி என்று சொல்லிவிடு.

அந்த பி, சி எழுத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள். ஈ.என். என்கிற ஐரோப்பியத் தரப் பரிசோதனையில் தேர்ந்த டெஸ்ட் பைலட்கள், காற்று அடங்கிய நேரத்தில், வேண்டுமென்றே விங்கை மடக்கிப் பார்க்கிறார்கள். எத்தனையோ சோதனைகளில் ஒன்றில் மட்டும் சி வாங்கினாலும் மொத்த விங்குக்கும் சி-தான். ஆகவே அது மடங்கின பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. மத்தியானம் ஒரு மணிக்கு, பாறைச்சரிவிலிருந்து கிளம்புகிற முரட்டுத் தெர்மலில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் உன் தோளும் வயிறும் என்ன பாடுபடும் என்று அது சொல்லாது. லோ-பி, ஹை-பி என்ற பிரிவும் சான்றிதழில் கிடையாது. பைலட்களும் விற்கிறவர்களும் பேச்சுவழக்கில் வைத்துக்கொண்டது. ஒரே பி-க்குள் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

சுகம் எங்கே தெரியும் என்றால், தெர்மலின் விளிம்பில். உள்ளே நுழையும்போது விங் பின்னால் சாயும், வெளியே வந்தால் முன்னால் பாயும். நல்ல பொறுமையான விங் அந்த ஊசலைத் தானே அடக்கிக்கொள்ளும். பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தால் போதும். ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது விங்கின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், ஐந்தை ஒட்டி இருக்கிற விங் ஒரே பலகையாக அசையும். ஆறைத் தாண்டினால் இரண்டு முனைகளும் தனித்தனியாக நெளியும், மூக்கு இடமும் வலமும் தேடும். புதுசாக வண்டியில் பூட்டின காளை மாதிரி, உன் கை எந்நேரமும் கயிற்றிலேயே இருக்க வேண்டும். அதைத் தெரிந்து ரசிக்கிறவர்களுக்கு அந்த நெளிவு ஒரு செய்தி. உனக்கு இப்போதைக்கு அது சத்தம். அந்த நேரத்தில் நீ பார்க்க வேண்டியது எதிர் முகட்டில் சுற்றுகிற கழுகையும், மேகம் கட்டுகிற வேகத்தையும், கீழே புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும். நீளமான விங் மடங்கினால் முனை, உன்னைத் தாங்குகிற நூல்களுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். உன் கூட்டாளிகள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், எடை. உன் உடம்பை மட்டும் வைத்து சைஸ் சொல்கிறாய். நீ உட்காருகிற ஹார்னஸ், ரிசர்வ் பாராசூட், விங், தண்ணீர், ஜாக்கெட், ஏற்ற இறக்கம் காட்டுகிற வேரியோ, ஹெல்மெட் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. 62 கிலோ என்றால் 80-ஐத் தொடுவாய். 65-85 கிலோ சைஸும் இருக்கும், 75-95 சைஸும் இருக்கும். பெரியதை எடு, நன்றாக மிதக்கும் என்பார்கள். மிதக்கும்தான், எடை போதாத விங்கில் துணி விறைப்பாக நிற்காது, காற்று தூக்கி விசிறும், எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்பாய். சின்னதை எடுத்து மேல்விளிம்பில் உட்கார்ந்தால் வேகமும் அதிகம், மடங்கினால் திரும்புகிற வேகமும் அதிகம். பில்லிங் டேக்-ஆஃப் 2400 மீட்டரில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குகூட வராது, ஆகவே ஓட்டமே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேகமாக வேண்டும். காற்று இல்லாத காலையில் அது காலுக்குத் தெரியும். அந்த எடை வரம்பில் கீழிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஏறின இடத்தில் உன் மொத்த எடை வருகிற சைஸாகப் பார்.

ஹார்னஸை இந்த வருஷம் மாற்றாதே. காலை நீட்டிப் படுக்கிற பாட் ஹார்னஸில் நூல் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். விங், ஹார்னஸ் இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்கிறது என்றே புரியாது.

பழையது வாங்குவதாக இருந்தால் மட்டும் என்னைக் கேட்காமல் பணம் கொடுக்காதே. மகாராஷ்டிராவில் காம்ஷெட்டில் நான் பறக்கக் கற்றது அப்புறம்தான், அதற்கு முன்பே துணி என் தொழில். விங் துணியான ரிப்ஸ்டாப் நைலான் பார்வைக்குப் புதுசு போல மின்னும், மேல் பூச்சு போயிருக்கும். குறிப்பிட்ட அளவு காற்று அதன் வழியே போக எத்தனை வினாடி ஆகிறது என்று மீட்டர் வைத்து அளந்த தாள் வேண்டும், அதுவும் நடு விங்கின் மேல்துணியில் அளந்தது. நூல்களின் நீளமும் அளந்திருக்க வேண்டும். டைனீமா நூல் நாளாக ஆகச் சுருங்கும். பாரத்தில் பெரும்பங்கை முன்வரிசை நூல்கள் தாங்குகின்றன, அவை விறைப்பாகவே இருக்கும். பாரம் குறைந்த பின்வரிசைதான் சுருங்கும். சில சென்டிமீட்டர் போதும், விங் மந்தமாகி, மேலே விரிந்தபடியே கீழே தொப்பென்று இறங்குகிற நிலைக்குப் போகும். அராமிட் நூல் அவ்வளவு சுருங்காது, ஆனால் மடிப்பிலும் வெயிலிலும் உள்ளுக்குள் இற்றுப்போகும். "மொத்தமே அம்பது மணி நேரம்தான் பறந்தது" என்று விற்கிறவர் சொல்லுவார். எத்தனை மணி நேரம் வெயிலில் விரித்துக் கிடந்தது என்று கேள்.

ஆக, நீ அனுப்பிய மூன்றில் அந்த ஒரே பி-தான் என் ஓட்டு. கடையில் டெமோ விங் கொடுப்பார்களா என்று கேட்டு, காலை இளங்காற்றில் ஒரு தடவை, மத்தியானத் தெர்மலில் ஒரு தடவை பறந்து பார். இறங்கினதும் உடம்பு தளர்வாக இருக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். சி-க்கு ஆகிற அதிகப் பணத்தில் போக்ராவில் ஃபேவா ஏரி மேல் ஒரு எஸ்.ஐ.வி. பயிற்சி, அதாவது விங்கை வேண்டுமென்றே மடக்கிச் சமாளிக்கப் பழகுகிற பயிற்சி, போய் வா, நான் பாதி தருகிறேன். அதற்கப்புறமும் சி வேண்டும் என்று உனக்கே தோன்றினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

பையை முழுசாகக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு, சௌகான் பக்கம் ஏதாவது கடையில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கும், அதில் ஏறி நின்று எடையை அனுப்பு. தண்ணீர் பாட்டிலையும் நிரப்பிக்கொள். அம்மா பருப்புப் பொடி கொரியரில் போட்டிருக்கிறாள். பைஜ்நாத்தில் வந்து வாங்கச் சொல்லுவார்கள், தெரியாத நம்பர் என்று போனைக் கட் பண்ணாதே.

அன்புடன்,
அப்பா