கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போருக்கு நடுவே உக்ரைனில் நடக்கும் பசுமை மறுகட்டமைப்பு பற்றி மஞ்சக்குப்பத்தில் வைத்திருந்த இரண்டு நாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பாராட்டிப் போனவர்களுக்கு நன்றி. குறை சொன்னவர்களுக்கு இன்னும் கூடுதலாக நன்றி.

2022 அக்டோபரிலிருந்து மின் நிலையங்கள்மேல் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருக்கும் நாடு அது. கீவ் பக்கத்தில் ஹோரென்கா ஊரில், குண்டுவீச்சில் சேதமான மருத்துவமனைக்குச் சோலாரும், வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் ஹீட் பம்பும் வந்ததைப் படமாக வைத்திருந்தோம். பக்கத்தில் ஒரு மாதிரிப் பலகை. எலெக்ட்ரீஷியன் அண்ணன் தன் ஆன்கிரிட் இன்வெர்ட்டரை (மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடும் சோலார் இன்வெர்ட்டர்) கொண்டுவந்து, மெயினை இறக்கிக் காட்டினார். நல்ல வெயில், ஆனாலும் விளக்கு அணைந்தது. லைனில் வேலை செய்பவர்மேல் கரன்ட் பாயக்கூடாது என்றே அது தானாக நின்றுவிடும். மருத்துவமனைக்கு வேண்டியது லைன் போனாலும் ஓடும், பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயலில் கரன்ட் இல்லாமல் தவித்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பலகையில் ஒரு பிழை இருந்தது, எங்களுடையதுதான். 330 வாட் பேனலை 12 வோல்ட் பேட்டரியோடு சாதா பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் (பேனலை நேரே பேட்டரியோடு சேர்த்துவிடும் எளிய சார்ஜ் கன்ட்ரோலர்) கோத்திருந்தோம். பேனல் தருவது 37 வோல்ட், 9 ஆம்பியர். அந்தக் கன்ட்ரோலர் வோல்டேஜைப் பேட்டரியின் 13-க்கு இழுத்துவிடும். கிடைப்பது 117 வாட்தான். மீட்டர் வைத்துக் கண்டுபிடித்த பாலிடெக்னிக் தம்பிக்கும், கூடுதல் வோல்டேஜைக் கரன்ட்டாக மாற்றிப் பேனலின் திறனை வீணாக்காமல் எடுக்கும் எம்பிபிடி கன்ட்ரோலரை இரவல் கொடுத்த கடைக்காரருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

கணக்கு எழுதித் தந்த டீச்சருக்கும் நன்றி: 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி 1.8 யூனிட், லெட்-ஆசிட் என்பதால் பாதிதான் எடுக்கலாம், இன்வெர்ட்டர் தின்றது போக முக்கால் யூனிட். 9 வாட் பல்பு நான்கு, 28 வாட் ஃபேன் ஒன்று, மோடம் ஒன்று என்றால் பத்து மணி நேரம் ஓடும். தடுப்பூசி ஃப்ரிட்ஜை இதில் சேர்க்காதீர்கள் என்று அடிக்கோடு போட்டிருந்தார். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடும் கரன்ட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே டிரிப் ஆகிவிடும்.

இடிபாடு மேசையில் நின்ற கொத்தனாருக்குக் கூட்டம் அதிகம். உக்ரைனிலும் பழைய கூரைகள் நிறைய ஆஸ்பெஸ்டாஸ்தான். முதலில் தண்ணீர் தெளித்து நனைக்கணும், ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கணும், உடைக்கவோ அறுக்கவோ கூடாது, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றணும். நுரையீரலைக் கெடுக்கும் அதன் நுண்ணிய தூசியைத் துணி மாஸ்க் தடுக்காது என்பதையும் அவரே சொன்னார்.

2023 ஜூன் 6-இல் உடைந்த, உக்ரைனின் ககோவ்கா அணையின் 18 கன கிலோமீட்டர் கொள்ளளவை 635 டிஎம்சி (நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி), கிட்டத்தட்ட ஏழு மேட்டூர் அணை என்று மாற்றித் தந்தவர் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஐயா. வற்றிய அந்தத் தரையில் வில்லோ மரங்கள் காடாக முளைத்திருக்கின்றன. அணையைத் திரும்பக் கட்டுவதா, காட்டை அப்படியே விடுவதா என்று அங்கே வாதம் ஓய்ந்தபாடில்லை; இங்கே டீ கொடுத்த அக்காவின் ஸ்டால் முன்னாலும் ஓயவில்லை.

பலகை பள்ளிகளுக்கு இரவலாகக் கிடைக்கும். தூக்கும்போது பேட்டரியைச் சாய்க்க வேண்டாம், ஆசிட் வழியும்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர், கடலூர்