செல்வத்துக்கு, கார் ஆம்ப் இரைச்சல் பற்றி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல் வேண்டாம், பஸ்ஸிலேயே போய்வருகிறேன் என்கிறாள். மதுரையில் வெயில் குறைந்தபாடில்லை.

சரி, வண்டி விஷயம். என்ஜின் ஓடும்போது மட்டும் ஸ்பீக்கரில் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது, என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்டால் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுழன்று பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) சத்தம்தான், சந்தேகமே வேண்டாம். இதுவே என்ஜின் வேகம் மாறினாலும் மாறாத 'உஸ்ஸ்' என்றால் ஆம்ப்பில் (பாட்டைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில்) கெய்ன், அதாவது பெருக்கும் அளவு, அதிகம் என்று சொல்லியிருப்பேன்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட். உள்ளேயே ஆறு டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. மாற்றிய பிறகும் சின்னச் சின்ன அலை மிச்சம் இருக்கும். கணக்குப் போட்டுப் பார். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, புல்லி விகிதம் இரண்டரை என்றால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று. வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டரில் அது விநாடிக்கு 200 ஏசி சுழற்சி, ஒவ்வொன்றுக்கும் ஆறு அலை, ஆக 1,200 ஹெர்ட்ஸ். என்ஜினை 2,400க்கு ஏற்றினால் 3,600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். அதனால்தான் சில மில்லிவோல்ட் இருந்தாலே இப்படி உயிரை வாங்குகிறது.

கடைக்காரர் 'நாய்ஸ் ஃபில்டர்' ஒன்று மாட்டிவிடலாம் என்றாராமே, அதற்கு இப்போது தலையாட்டாதே. டெக்கிலிருந்து (டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் நடுவில் போடும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். சத்தம் போகும், உண்மைதான். ஆனால் மலிவான பெட்டி என்றால் கூடவே பேஸின் அடிப்பகுதியும் போய்விடும். எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் வாசிப்பை ஒவ்வொரு சுரமாகக் கேட்கத்தானே நீ இந்த ஆம்ப்பையே வாங்கினாய்! சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதே.

வழியைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. முதலில், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜர் சொருகி, அதே போனை ஆக்ஸ் வயரில் டெக்குடன் இணைத்திருக்கிறாயா? அப்படியானால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேள். பல வண்டிகளில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால், ஆம்ப்பை அணைத்துவிட்டு ஆம்ப் பக்கம் உள்ள ஆர்சிஏ வயர்களைக் கழற்று. மறுபடி ஆன் பண்ணி என்ஜினை ஓட்டு. அப்போதும் ஊளையிட்டால் கோளாறு ஆம்ப்பிலோ அதற்கு வரும் பவர், எர்த் (வண்டி பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும்) வயர்களிலோ ஸ்பீக்கர் வயரிலோதான். அமைதியாகிவிட்டால், சார்ஜரில் போடாத போனை அந்த ஆர்சிஏ சாக்கெட்டிலேயே நேராக இணைத்துப் பாட்டுப் போடு. அதிலும் சத்தம் இல்லையென்றால் ஆம்ப் நல்ல ஆம்ப்தான். டெக்குக்கும் ஆம்ப்புக்கும் இடையில்தான் சங்கதி இருக்கிறது.

உன் வண்டியில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. டெக்குக்கு எர்த் டேஷ்போர்டுக்குப் பின்னால், ஆம்ப்புக்கு எர்த் டிக்கியில். இரண்டுக்கும் நடுவே பாடி தகட்டில் கரண்ட் ஓடுவதால் இரண்டு எர்த்தும் ஒரே வோல்டேஜில் இருக்காது. ஆர்சிஏ வயரின் வெளிச்சுற்று அந்த இரண்டையும் இணைக்கிறது. மேட்டு வயலிலிருந்து பள்ள வயலுக்கு வரப்பு உடைந்து தண்ணீர் பாய்கிற மாதிரி, அந்த வித்தியாசம் ஆர்சிஏ வழியே பாய்கிறது. ஆம்ப்புக்கு எது பாட்டு, எது ஆல்டர்னேட்டர் அலை என்று பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.

மல்டிமீட்டர் உன்னிடம் இருக்கிறதல்லவா? டிசி வோல்ட்டில் வை. ஒரு நீள வயர் போட்டு, கருப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலும் வைத்து, என்ஜின் ஓட, பாட்டைச் சத்தமாக வைத்து அளந்து பார். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஆம்ப் 25 ஆம்பியர் இழுக்கும்போது இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே கால் வோல்ட் காட்டும். பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுத்திருந்தால் உடனே மாற்று, அது உயிர் காக்கும் போல்ட், அதைத் தொடவே கூடாது. தடித்த பாடி இரும்பாகப் பார்த்து, பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து இறுக்கு. வயர் அரை மீட்டருக்கு மேல் வேண்டாம், பவர் வயரின் அதே தடிமன் இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், அதை மாற்றிவிடு. பழைய வண்டி என்பதால் பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் வயர்களின் முனையில் துரு இருக்கிறதா என்றும் பார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, செல்வம். ஆர்சிஏ சொருகியிருக்கும்போது ஆம்ப்பின் எர்த்தைக் கழற்றாதே. எர்த் இல்லாத ஆம்ப் கரண்ட்டை ஆர்சிஏ வழியாகத் திருப்பி அனுப்பும், சில டெக்குகளுக்குள் இருக்கும் ரொம்பச் சின்ன ஃபியூஸ் எரிந்துவிடும். அதற்கப்புறம் எர்த்தை எவ்வளவு சரி செய்தாலும் ஊளை நிற்காது. கடையில் மாட்டும்போதே அது போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆர்சிஏக்களை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, டெக்கின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் டெக்கின் உலோகப் பெட்டிக்கும் இடையே ஓம் பார்த்தால் தெரிந்துவிடும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வயர் போகும் பாதையைத்தான் எல்லோரும் முதலில் குறை சொல்வார்கள். என் எண்ணத்தில் அது எர்த்துக்கு அப்புறம்தான். இருந்தாலும் பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ மறு பக்கம் என்று போகட்டும், குறுக்கே வெட்டியே ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காக வெட்டட்டும். எல்லாம் சரியான பிறகு கெய்னைக் குறைத்து, டெக் வால்யூமை முக்கால் வரை ஏற்றிக் கேட்டுப் பார்.

அளவுகளை எழுதி அனுப்பு, வோல்ட், ஓம் இரண்டும். பொங்கலுக்கு எப்படியும் வருகிறோம். அதுவரை தீராவிட்டால் நல்ல செம்பு வயரும் லக்குகளும் இங்கிருந்தே வாங்கி வருகிறேன், உட்கார்ந்து மாட்டிவிடலாம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்