செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது பண்டைய எகிப்து வாசிப்பு வட்டத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. நூல் இரவல் பதிவேடு புதுப்பிக்கப்பட்டது. துட்டன்காமுன் கல்லறை குறித்த படக்காட்சிக்கு நாற்காலிகள் போதவில்லை. செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றிய உரைக்கும் அரங்கு நிறைந்தது.

சென்ற பொதுக்குழு ஒப்புதலளித்த நோம் வரைபடப் பணியைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. நோம் எனப்படும் பண்டைய மாவட்டங்கள் தெற்கிலுள்ள மேல் எகிப்தில் 22, வடக்கிலுள்ள கீழ் எகிப்தில் 20 என மொத்தம் 42. ஒவ்வொன்றிலும் உள்ள அகழாய்வுத் தலங்களையும், அவை இன்றுள்ள ஆளுநரகங்கள் எனும் மாகாணங்களையும் ஒரே சுவர் வரைபடத்தில் காட்டுவதே திட்டம். "இதற்கு இத்தனை மாதங்களா?" என்று கேட்ட உறுப்பினர்கள் ஒன்றைக் கருத வேண்டும். எல்லைகளைப் பொறுத்தவரை நமக்குக் கிடைப்பவை கல்வெட்டுச் சான்றுகள்தாம். கர்னாக் கோயிலில் மன்னர் முதலாம் செனுஸ்ரெத் எழுப்பிய வெள்ளை மண்டபத்தின் அடிப்பகுதியில் நோம்களின் பட்டியல் அளவுகளுடன் பொறிக்கப்பட்டுள்ளது; அந்த மண்டபமோ பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு, மூன்றாம் கோபுரவாயிலுக்குள் நிரப்புக் கல்லாகப் போடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் மீட்டெடுக்கப்பட்டது. பெனி ஹசனில் இரண்டாம் க்னும்ஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைக் கல்வெட்டு, மன்னர் முதலாம் அமெனெம்ஹாத் எல்லைக் கற்களை நட்டு, பேராற்றை நடுவாக வகிர்ந்து, கிழக்குப் பக்கத்தைப் பாலைவனம் வரை அந்த அதிகாரியின் பாட்டனாருக்கு அளித்த செய்தியைச் சொல்கிறது. அந்த ஒரு வரியை வைத்தே பெனி ஹசன் அமைந்த மேல் எகிப்தின் 16ஆம் நோமின் அருகே நைலின் நடுவில் கோடு போட்டுள்ளேன். இன்றைய எல்லைகளும் நம்மைச் சும்மா விடவில்லை: லக்சர் 2009இல் கேனாவிலிருந்து பிரிந்து தனி ஆளுநரகமானது; 2008இல் உருவான ஹெல்வான் 2011இல் கலைக்கப்பட்டது. நம் அலமாரியிலுள்ள பழைய வரைபடங்களை நம்பி எதையும் குறிக்க இயலவில்லை.

தென்கோடியிலுள்ள எலிபன்டைன் தொடங்கி வடக்கு நோக்கி மேல் எகிப்தின் 22 நோம்களும் முடிந்துவிட்டன. கீழ் எகிப்தின், அதாவது நைல் டெல்டாவின் 20 நோம்கள் வெறுமையாக உள்ளன. அவற்றை ஏற்றுக்கொண்ட துணைக்குழு முதல் அமர்வுக்குப் பின் கூடவில்லை. அழைப்புகளுக்குக் கிடைத்த பதில், டெல்டா கடினமானது என்பதே. கடினம்தான், மறுக்கவில்லை. ஆற்றின் கிளைகள் இடம்பெயர்ந்துள்ளன, பழைய ஊர்கள் புதைந்த மண்மேடுகளை உழவர்கள் உரத்துக்காக வெட்டி எடுத்துள்ளனர். டெல்டாவிலுள்ள தானிஸில் மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பெயர் பொறித்த கற்கள் குவிந்து கிடந்ததால் அதுவே அவருடைய தலைநகரம் என்று அறிஞர்களே நெடுங்காலம் எண்ணினர். கிளையாறு தூர்ந்தபின் கந்தீர் பகுதியிலிருந்த உண்மையான தலைநகரான பி-ராம்சேஸிலிருந்து அவை கொண்டுவரப்பட்டவை என்பது பிறகே தெளிவாயிற்று. அறிஞர்கள் தடுமாறிய இடத்தில் நாமும் தடுமாறலாம். ஆனால் தடுமாறுவதற்கும் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

குசைர் உரைக்குத் திரண்டவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கணனும் சாதனும் பெயர் எழுதிய துறைமுகத்திலிருந்து சரக்கு, பாலைவனம் கடந்து நைல் கரையில் சேர்ந்த ஊர் கோப்டோஸ். அது மேல் எகிப்தின் 5ஆம் நோமின் தலைநகர். நோம் என்றதும் எழுந்து போனவர்கள், தாங்கள் கைதட்டிக் கேட்ட கதையின் பின்பாதியைத்தான் விட்டுப்போனார்கள்.

வரவு செலவு கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவுக்குள் செலவை அடக்கியிருக்கிறோம். நிலுவைச் சந்தாக்கள் வசூலாகியிருந்தால் கையிருப்பு இன்னும் திருப்திகரமாக இருந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். வரைபடத்துக்கான தாளும் மையும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அரங்கு தந்து உதவியவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில் டெல்டாவைத் தனியாளாக முடிப்பது எனக்கு இயலாது. புபாஸ்டிஸ், சைஸ் ஆகிய இரண்டு நோம்களை யாரேனும் இன்று கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுத்து ஏற்றுக்கொண்டால், செயலாளர் பொறுப்பில் தொடர்வது குறித்து நானும் யோசிக்கத் தயாராக இருக்கிறேன். சந்தா பெறும் ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் தயாராக உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்