பெற்றோர் சம்மதம் என்று சொல்லி 21 வயது விதியைத் தளர்த்த வேண்டாம்: கோரிக்கை மனு

அனுப்புநர்
நாகூர் பகுதியில் குடியிருக்கும், கல்லூரி மாணவன் ஒருவனின் தாய்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

பொருள்: 18 முதல் 20 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோர் சம்மதத்தோடு மது அருந்தச் சலுகை கேட்டு மனு வந்தால் அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதும், அதை ஒட்டிய சில கோரிக்கைகளும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதிப் பெற்றோர் சிலர் சேர்ந்து தங்களிடம் மனு கொடுக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால் 18 வயதான பையனுக்கும் பாரில் பீர் கொடுக்கலாம் என்று விதியை மாற்ற அரசுக்கு எழுத வேண்டும் என்பது அவர்கள் கேட்கப் போவது. கெட்ட எண்ணத்தில் அல்ல, பயத்தில்தான் கேட்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவர்கள் கேட்பதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவே இந்த மனு.

பயத்துக்குக் காரணம் தாங்கள் அறிந்ததுதான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். அது காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி அரசின் சட்டம். அங்கே 18 போதும். விலையும் நம் பக்கத்தைவிடக் குறைவு என்பது ஊரறிந்த செய்தி. பையன்கள் மூன்று பேர் ஒரே பைக்கில் போகிறார்கள், குடித்துவிட்டு அதே பைக்கில் இருட்டில் திரும்புகிறார்கள். "எல்லை தாண்டிப் போய் விழுந்து கிடப்பதற்கு நம் கண் முன்னால் ஒரு பீர் குடித்துவிட்டுப் படுக்கட்டுமே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

யோசித்த பிறகு என்னிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது. பெற்றோர் சம்மதம் என்றால் யாருடைய சம்மதம்?

சென்ற ஆண்டு உறவில் ஒரு காதுகுத்து. பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் ஆண்கள் ஒதுங்கினார்கள். தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பி, பிளாஸ்டிக் டம்ளரில் பாதிக்குப் பாதி கலந்து, ஊறுகாய்ப் பாக்கெட்டோடு என் மகன் கையில் கொடுத்தவர் அவனுடைய சொந்தத் தாய்மாமன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். "மாமன் கொடுத்தா வாங்கிக்கடா, இனிமே நீயும் பெரிய ஆளுதானே" என்று சிரிப்பு வேறு. அடுப்படியில் சாம்பார் வாளியோடு நின்ற என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நாளை இப்படி ஒரு சலுகை வந்தால் அந்த ஜெனரேட்டர் பக்கம் நடந்ததும் பெற்றோர் சம்மதம் என்றுதான் கணக்கில் வரும்.

எங்கள் பகுதியில் பல வீடுகளில் இதுதான் நிலை. மகன் குடிக்கலாமா என்று முடிவு செய்யப் போகிறவர், தானே குடித்துவிட்டு வரும் அப்பா. அவரால் நிதானம் கற்றுக்கொடுக்க முடியுமா? தாயின் கையெழுத்தும் வேண்டும் என்று விதி போட்டாலும் அதை எப்படி வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரியும்.

லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர் போனில் வேறு மாதிரி சொன்னார். இங்கிலாந்தில் 16, 17 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களோடு போய்ச் சாப்பிடும்போது பீரோ ஒயினோ குடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். வாங்கித் தருபவர் பெரியவராக இருக்க வேண்டும். சரி, அங்கே அது சாப்பாட்டோடு போகிற விஷயம். இங்கே குடி என்றால் குவார்ட்டர். பாட்டில் லேபிளிலேயே 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 180 மில்லியில் கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 77 மில்லி. 12 சதவீத ஒயின் 175 மில்லி கிளாஸில் 21 மில்லிதான். அவர்கள் ஊர்ப் பிள்ளை ஒரு வேளைச் சாப்பாட்டோடு குடிப்பதைப் போல மூன்றரை மடங்கை நம் பையன் வெறும் வயிற்றில், நின்றபடியே, கடை மூடுவதற்குள் முடிக்கிறான். பீர் மட்டும்தான் என்று எழுதினாலும் பீரோடு நிற்காது.

என் மகனுக்கும் ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. "18 வயதில் ஓட்டுப் போடலாம், லைசென்ஸ் எடுக்கலாம், பீர் மட்டும் கூடாதா?" என்கிறான். ஆணுக்குக் கல்யாண வயதும் 21தான், அதற்கு அவன் கோபப்படுவதில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். லைசென்ஸ் 18 வயதில் கிடைப்பதால்தான் எனக்கு இன்னும் பயம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அப்பா வாங்கிக் கொடுத்தார் என்பதால் அந்த 30 என்கிற வரம்பு உயர்ந்துவிடப் போவதில்லை.

ஆகவே, முதலாவதாக, அப்படி ஒரு மனு வந்தால் அதை அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களை மட்டும் அரசே விலக்கிக்கொண்டது. குடும்ப விசேஷத்துக்குள் சட்டத்தின் பெயரால் மது நுழையக் கூடாது என்று அன்றைக்கு எடுத்த முடிவு இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, இருக்கிற விதி நடக்க வேண்டும். மதுக்கடைக் கம்பி வலையின் துளைக்குள் ஒரு கை பணத்தோடு போகிறது, அதே கை பாட்டிலோடு வெளியே வருகிறது. கூட்ட நேரத்தில் உள்ளே இருப்பவருக்கு அந்தக் கை 19 வயதா 40 வயதா என்று எப்படித் தெரியும்? விற்பனையாளர்களை நான் குறை சொல்லவில்லை. இளவயதாகத் தெரிகிறவர்களிடம் ஆதாரோ லைசென்ஸோ பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்றும், "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்று வருகிற பையனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் டாஸ்மாக் மாவட்ட மேலாளர் வழியாக எழுத்தில் உத்தரவு போடச் சொல்லுங்கள். கையில் உத்தரவு இருந்தால்தான் அவர்களும் வாக்குவாதத்தில் தைரியமாகப் பேச முடியும்.

அப்புறம், மண்டபங்களிலும் கோயில் திருவிழாப் பந்தல்களிலும் ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மது கொடுத்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுப்பவர் தாய்மாமனாக இருந்தாலும் அதேதான். எங்கள் உறவில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. பலகையின் கீழேயே போதை மீட்பு உதவி எண் 14446-ஐயும் போட்டால் யாராவது ஒருவர் குறித்துக்கொள்வார்.

கடைசியாக வாஞ்சூர். அது தங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்பது தெரியும். ஆனால் சாலை ஒன்று, பிள்ளைகளும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். புதுச்சேரியிலும் வயதை 21 ஆக்கும்படி கேட்கத் தமிழக அரசுக்குத் தாங்கள் எழுத வேண்டும். அது நடக்கும் வரை சனி, ஞாயிறு இரவுகளில் எல்லைச் சாலையில் இரு பக்கக் காவல்துறையும் சேர்ந்து வாகனச் சோதனை நடத்தக் காரைக்கால் மாவட்ட நிர்வாகத்தோடு பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். பதில் கடிதத்தை வீட்டுக்காரர் பெயருக்கு அனுப்பாமல் என் பெயருக்கே அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இடம்: நாகூர்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)