பரந்தன் சந்தி அண்ணாவுக்கு

போன சனிக்கிழமை பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் எனக்கு உதவிய அண்ணாவுக்கு மனமார்ந்த நன்றி. பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழி பழகுகிறேன். இரணைமடுக் குளத்தில் எத்தனை வான்கதவு திறப்பது என்று கணக்கிடும் சின்ன நிரல். விடை 0 என்றாலும் ‘இஃப்’ (if) என்ற நிபந்தனை அதை உண்மையாகவே எடுத்து, ‘திற’ என்றது. இரண்டு நாள் அழாத குறை. நீங்கள்தான் சொன்னீர்கள்:

“தங்கச்சி, லிஸ்ப்பில 0-உம் உண்மைதான். வெறுமையைக் குறிக்கிற ‘நில்’ (nil) மட்டுந்தான் பொய். 0-ஐ விடப் பெரிசா எண்டு கேளுங்கோ.”

அப்புறம், ஒன்றுக்குள் ஒன்றாய் நான் அடுக்கியிருந்த நாலு ‘இஃப்’பையும் ஒரே ‘காண்ட்’ (cond) ஆக்கிக் காட்டினீர்கள்: மேலிருந்து பார்க்கும், முதலில் பொருந்தும் வரியோடு நிற்கும், மிச்சத்துக்குக் கடைசியில் எப்போதும் உண்மையான ‘டி’ (t). எவ்வளவு அழகு!

அதற்குள் புதுக்குடியிருப்பு பஸ் வந்துவிட்டது. என் தேத்தண்ணிக்கும் நீங்களே காசு கொடுத்திருந்தீர்கள், அண்ணா.