கூல்டிரிங்ஸ் விளம்பரமும் நம் பிள்ளைகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆண்டு விழாவில் ஒரு கூல்டிரிங்ஸ் விளம்பரப் பாட்டுக்கு ஆட அனுமதி வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம்தான். ஏன் மறுத்தேன் என்பதை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

இடைவேளையில் பாருங்கள், அந்த மெட்டைப் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை உயரத் தூக்கி, அந்த நடிகரைப் போலவே குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைக்கிறார்கள். பாட்டு பிடிக்கிறது, ஆளைப் பிடிக்கிறது. அந்தப் பிரியம் அப்படியே பானத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. இது பழைய உத்தி. 1984-இல் பெப்சி விளம்பரத்துக்காக மைக்கேல் ஜாக்சன் தன் ‘பில்லி ஜீன்’ பாட்டின் மெட்டிலேயே வரிகளை மாற்றிப் பாடினார். ஏற்கெனவே மனதில் இருக்கும் மெட்டு என்றால் பாதி வேலை முடிந்தது. விஜய் நடித்த கோகோ கோலா விளம்பரங்களை உங்களில் பலருக்கும் நினைவிருக்கும்.

குழந்தைகளுக்கான சேனல்களிலும் நிகழ்ச்சிகளிலும் இத்தகைய பானங்களை விளம்பரம் செய்யக் கூடாது என்று 2022-இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. நல்ல விஷயம். ஆனால் நம் பிள்ளைகள் கார்ட்டூன் மட்டுமா பார்க்கிறார்கள்? ராத்திரி கிரிக்கெட்டையும் பாட்டுப் போட்டிகளையும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். ஓவருக்கு ஓவர் விளம்பரம் வருகிறது. அந்த இடத்தில் விதியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

அதனால்தான் இந்தக் கடிதம். டிவியை அணைக்கச் சொல்லவில்லை. விளம்பரம் வரும்போது பிள்ளையிடம் பேச்சுக் கொடுங்கள். “இவருக்கு இதில் நடிக்கப் பணம் கொடுத்திருப்பார்களா?”, “இதில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கேயாவது சொன்னார்களா?” என்று கேளுங்கள். போதும், மீதியை அவர்களே யோசிப்பார்கள்.

எங்கள் அறிவியல் ஆசிரியர் ஒரு கோலா பாட்டிலின் லேபிளை வாசிக்கச் சொன்னார். 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. அப்படியானால் 600 மில்லி பாட்டிலுக்கு 60 கிராமுக்கு மேல். அந்த அளவைத் தராசில் நிறுத்துச் செய்தித்தாளில் கொட்டியபோது வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. “இவ்வளவையும் ஒரே ஆளா குடிக்கிறது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

பிள்ளைகளின் கேள்விக்குப் பலம் உண்டு. ஜெய்ப்பூரில் ஒரு சிறுமி, “எங்கள் டீச்சர் விஷம் என்று சொல்கிற பானத்துக்கு நீங்கள் ஏன் விளம்பரம் செய்கிறீர்கள்?” என்று அமிதாப் பச்சனிடம் கேட்டாளாம். அதன்பின் அந்த விளம்பரத்தை விட்டுவிட்டதாக 2014-இல் அவரே சொன்னார். பாட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்த் 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற கையோடு தேடி வந்த கோலா விளம்பரத்தை மறுத்தார். பிள்ளைகளிடம் இவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

அப்புறம், விளையாட்டு விழா. ஜெயித்த அணிக்குக் கொடுக்க அன்போடு கூல்டிரிங்ஸ் வாங்கி வருகிற பெற்றோர்கள் இருக்கிறீர்கள். இந்த முறை தயவுசெய்து வேண்டாம். சர்க்கரை மிகுந்த பானங்களைப் பள்ளியிலும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. நாமே உள்ளே கொண்டுவருவது சரியில்லை. நீர்மோரும் பானகமும் பள்ளியில் தயாராகும். எலுமிச்சம்பழமோ வெல்லமோ கொடுக்க விரும்புகிறவர்கள் வகுப்பாசிரியரிடம் முந்தைய நாளே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்